கையறிந்த உடலும் நூலறிந்த உடலும்

மனிதன் அறிய முயலாத பொருள் உலகில் ஒன்றுமில்லை. வானத்து மீன்களை எண்ணினான். கடலின் ஆழத்தை அளந்தான். அணுவைப் பிளந்து அதனுள் அடங்கிய ஆற்றலையும் கண்டான். ஆயினும், பிறந்த நாள் முதல் இறக்கும் நாள்வரை தன்னை விட்டு ஒரு கணமும் பிரியாத தன் உடலைப்பற்றி அவன் அறிந்திருப்பது மிகச் சிறிதே. நம் உழவர் ஒருவரை அணுகி ஏரின் உறுப்புகளைக் கேட்போமாயின், கொழு, மேழி, ஏர்க்கால், நுகத்தடி, பூட்டாங்கயிறு என்று தடையின்றிச் சொல்லுவார். அவருடைய மண்ணீரல் வலப்பக்கத்துள்ளதோ இடப்பக்கத்துள்ளதோ என்று வினவினால் வாளாவிருப்பார். அவரை மட்டும் குறை கூறுவானேன்? பட்டம் பெற்ற நம்மவரிற் பலரும் அவ்வினாவுக்கு விடை கூறுமுன் தம் வயிற்றின் இருபுறமும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வர்.

உடற்கூற்றறிவு மருத்துவர்க்கு மட்டும் உரிய செல்வமன்று, அது கற்றார் கல்லார் யாவர்க்கும் உரிய முதற்கல்வி என்பதும், அவ்வறிவு நம் மக்கள் நாவிற் பயிலும் சொற்களாலேயே அவர்களுக்கு ஊட்டப்படல் வேண்டும் என்பதும் நம் கருத்து. இக்கருத்தை வெறும் நூற்பொருளாக வைத்து ஆராயாமல், நம் நாட்டில் யாவரும் அறிந்த ஓரிடத்தில் நின்று நோக்குவோம். அவ்விடம் ஒகேனக்கல்.

தருமபுரிக்கு மேற்கே ஏறத்தாழ 46 கிலோமீட்டர் தொலைவில், தமிழ்நாடும் கருநாடகமும் தம்முள் எல்லை வகுக்கும் இடத்திலே, காவிரி பல கிளைகளாகப் பிரிந்து பாறை விளிம்புகளினின்றும் வீழ்கின்றது. வீழும் நீரின் திவலைகள் புகைபோல் எழுதலின், புகையும் கல் என்னும் பொருள்படும் கன்னடப் பெயரை அவ்விடம் பெற்றது. அருவி காணச் செல்வார் அனைவரும் அங்கே காணும் காட்சி இரண்டு. ஒன்று, ஒற்றைத் துடுப்பால் வட்டப் பரிசலைச் சுழியும் பாறையும் தப்பிச் செலுத்தும் பரிசற்காரரின் தோள்வலி. மற்றொன்று, பாறைகளின்மேல் மாந்தரைக் கிடத்தி எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடும் தொழிலாளரின் கைத்திறன். எண்ணெய்க் குளியலும் அருவிக் குளியலும் ஒருங்கே பெற விரும்பி வருவோர் பலர். நம் சித்த மருத்துவ நூல்கள் தொக்கணம் என வகுத்துரைக்கும் பிடித்தல், தட்டல், முறுக்கல் முதலியவற்றை இவர்கள் ஏட்டிற் கண்டு கற்றவரல்லர். தந்தை கையைக் கண்டு மகன் கை கற்றது.

அக்கைகள் அறிந்தவை பல. தோட்பட்டை எலும்பின் உள்விளிம்பு எவ்விடத்து முடிகின்றது, அதற்கும் முதுகெலும்பிற்கும் இடையே தசை எவ்வாறு முறுகி நிற்கும், கெண்டைக்காற் சதை எவ்விடத்துக் குறுகிக் குதிகாலை நோக்கி நாணாக இறங்கும் என்பனவற்றை அக்கைகள் இருளிலும் அறியும். கண்ணாற் காணாமலே தோலின்மேல் விரலை வைத்து உள்ளுறுப்பை உணர்தல் உடற்கூற்றியலின் ஒரு கிளையாகும். அதனைப் புறப்பரப்புக் கூற்றியல் என்பர். ஆகவே, ஒகேனக்கற் பாறைமீது எண்ணெய்க் கிண்ணத்தோடு அமர்ந்திருப்பவர் இவ்வியலின் ஒரு கிளையிற் கைதேர்ந்தவர் என்று சொல்லுதல் மிகையாகாது. ஆயினும் அக்கை தான் அறிந்ததை நாவுக்குச் சொல்லுவதில்லை. சொல்லில்லாத அறிவு ஒருவரோடு நின்றுவிடும். தன் எல்லை எதுவென்பதையும் அது தானே அறியாது. இதனாலாகும் ஏதம் என்னை என்று வினவுவார்க்குத் தருமபுரி நாடே விடை கூறும்.

தருமபுரி, கிருட்டினகிரி மாவட்டங்கள் கடும்பாறை நிலங்கள். அப்பாறைகளிலுள்ள சில கனிமங்களினின்றும் புளூரைடு என்னும் உப்புப்பொருள் நிலத்தடி நீரிற் கரைகின்றது. ஒரு லிட்டர் நீரில் அஃது ஒன்றரை மில்லிகிராம் அளவைக் கடத்தலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரையறை. நம் நாட்டுத் தர விதியோ ஒரு மில்லிகிராமே விரும்பத்தக்க எல்லை என்றும், வேறு நீர் கிடையாதவிடத்து மட்டும் ஒன்றரை வரை பொறுக்கலாம் என்றும் கூறும். இவ்வெல்லை கடந்த ஆழ்கிணற்று நீரைப் பல்லாண்டு பருகினோர் பல்லிலும் எலும்பிலும் கேடுறுவர். பல் முளைத்து உருவாகும் இளம்பருவத்தே அந்நீரைப் பருகிய குழந்தையின் பல்லின் மேற்பூச்சு வெண்புள்ளியும் மஞ்சளும் பழுப்புக் கோடும் பெறும். ஆண்டுகள் செல்லச் செல்ல எலும்பு தடிக்கும். எலும்பை எலும்போடு பிணைக்கும் நார்களிலே சுண்ணம் படியும். வளையவேண்டிய முதுகு தடிபோல் விறைக்கும். இந்நோய் இந்திய மக்களின் எலும்பைப் பற்றியிருத்தலை முதன்முதல் ஆராய்ந்து வெளியிட்டவர்கள் ஷார்ட் முதலிய மருத்துவ அறிஞர். 1937-ஆம் ஆண்டில், அந்நாட் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர்ப் பகுதியில் அவர்கள் இதனைக் கண்டனர்.

இனி நோயாளியின் நிலையை எண்ணிப் பாருங்கள். முதுகு குனியவில்லை, கழுத்துத் திரும்பவில்லை. அவர் இதனை வாய்வுப் பிடிப்பு என்று கருதுகிறார். நன்றாகப் பிடித்துவிட்டால் நீங்கும் என்று நம்புகிறார். தசை இறுகியதாயின் அந்நம்பிக்கை பொய்க்காது. எண்ணெயும் சூடும் அழுத்தமும் தசையை இளக்கும். ஆனால் இறுகியது தசையன்று. தசைக்கும் அடியிலுள்ள பிணைப்புநார். அதுவும் சுண்ணம் ஏறி எலும்பாகவே மாறியது. எத்துணை எண்ணெய் வார்ப்பினும் எலும்பு இளகாது. விறைத்த கழுத்தை வலிந்து முறுக்கினாலோ, எலும்பினுள்ளே செல்லும் தண்டுவடத்துக்கு ஊறு நேர்தலும் கூடும். தசை வேறு, பிணைப்புநார் வேறு என்னும் ஒரு சிறு வேற்றுமையை நோயாளியும் அறியார், தேய்ப்பவரும் அறியார். அறியாமைக்கு விலையாக ஒருவர் பணத்தையும் காலத்தையும் இழக்கிறார். சிலவேளை நடையையும் இழக்கிறார்.

அரசினர் இக்கேட்டைக் களையும்பொருட்டு, ஒகேனக்கல்லிற் காவிரி நீரை எடுத்துத் தூய்மைப்படுத்தி இவ்விரு மாவட்டங்களுக்கும் வழங்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டினர். சப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஏறத்தாழ 1,928 கோடி ரூபாய் மதிப்பீட்டில் நிறைவேறிய அத்திட்டம் 2013-ஆம் ஆண்டிற் பயன்பாட்டுக்கு வந்தது. பாராட்டத்தக்க பெரும்பணி இது. ஆயினும் நாம் சொல்லுவது வேறொன்று. குழாய் வழியே நீரைக் கொண்டு செல்லலாம். அறிவைக் குழாய் வழியே கொண்டு செல்லுதல் இயலாது. காய்ச்சிய நீர் நன்னீர் என்று நாம் கற்பித்திருக்கிறோம். கிருமியைப் பொறுத்தவரை அது மெய்யே. ஆனால் காய்ச்சுவதால் புளூரைடு நீங்காது. நீர் வற்றுதலால் அதன் செறிவு மிகவே செய்யும். பல்லின் பழுப்பு வெற்றிலைக் கறையன்று, எலும்பின் உள்ளே நிகழும் மாற்றத்துக்கு முன்னறிகுறியாகவும் அஃது இருத்தல் கூடும் என்று ஒரு தாய் அறிதல் வேண்டுமாயின், பல்லும் எலும்பும் எவற்றாலாயவை என்பதை எவரேனும் அவளுக்கு அவள் மொழியிற் சொல்லியிருத்தல் வேண்டும்.

இனி, உடற்கூற்றியல் என்பது யாது? உடலின் உறுப்புகள் எவை, எங்குள்ளன, எவ்வுருவின, ஒன்றோடொன்று எவ்வாறு இயைந்துள்ளன என்று ஆராயும் கலையே அது. அவ்வுறுப்புகள் எவ்வாறு தொழில் புரிகின்றன என்று ஆராய்வது உடலியங்கியல். இதயம் மார்பின் நடுவே சற்று இடம் சாய்ந்து நான்கு அறைகளோடு அமைந்துள்ளது என்பது கூற்றியல். அது சுருங்கி விரிந்து குருதியைச் செலுத்துகின்றது என்பது இயங்கியல். முன்னது வீட்டின் அமைப்பு. பின்னது அவ்வீட்டின் வாழ்க்கை. அமைப்பை அறியாமல் வாழ்க்கையை அறிதல் அரிது.

உடற்கூற்றியலின் கிளைகளுள் முதலாவது பேருருக் கூற்றியல். வெறுங்கண்ணாற் காணத்தக்க உறுப்புகளை அஃது ஆராயும். அதனை இருவழியிற் கற்கலாம். கை, கால், மார்பு, வயிறு, தலை என்று இடம் இடமாகப் பகுத்து, அவ்வவ்விடத்துள்ள தோல், தசை, எலும்பு, குழல், நரம்பு அனைத்தையும் ஒருங்கே காண்பது ஒரு வழி. எலும்பு மண்டலம், தசை மண்டலம், குருதி மண்டலம், நரம்பு மண்டலம் என்று தொகுதி தொகுதியாக உடல் முழுதும் தொடர்ந்து காண்பது மற்றொரு வழி. இரண்டாவது கிளை நுண்ணுருக் கூற்றியல். நுண்ணோக்கியின் துணையால் உயிரணுக்களையும், அவை கூடி அமைந்த திசுக்களையும் அது காட்டும். திசுக்கள் நான்கு வகையின: போர்க்கும் திசு, இணைக்கும் திசு, தசைத்திசு, நரம்புத்திசு. எண்சாண் உடம்பிலுள்ள எவ்வுறுப்பும் இந்நான்கின் சேர்க்கையேயன்றி வேறில்லை. மூன்றாவது கருவளர்ச்சியியல். ஓரணுவாய்த் தொடங்கிய கரு உறுப்புகள் பெற்றுச் சிசுவாதலை அது கூறும். இவற்றோடு, விலங்கின் உடலையும் மனித உடலையும் ஒப்புநோக்கும் கிளையும், ஊடுகதிர்ப் படத்தால் உயிருள்ள உடலினுட் காணும் கிளையும், மேலே கூறிய புறப்பரப்புக் கிளையும் உண்டு.

இக்கலை பிறநாட்டு இறக்குமதி என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய வடமொழி நூல், பிணத்தைப் புல்லாற் சுற்றிக் கூட்டிலிட்டு ஓடும் நீரில் ஏழிரவு வைத்து, நன்கு ஊறியபின் தோல் முதலாகப் படலம் படலமாகத் தேய்த்து நீக்கிக் கண்ணாற் கண்டு கற்கவேண்டும் என்று விதிக்கின்றது. ஓடும் ஆறே அக்காலத்து அறுவைக் கூடமாயிற்று! பின்னாளிற் பிணந்தொடுதல் தீட்டு எனக் கருதப்பட்டமையால் அவ்வழி தூர்ந்தது. 1543-ஆம் ஆண்டில் வெசாலியசு என்பார் தம் கையால் அறுத்துக் கண்டவற்றை ஐரோப்பாவில் நூலாக்கினார். 1835-இற் சென்னையில் மருத்துவப் பள்ளி தோன்றியது. 1836-இற் கல்கத்தாவில் மதுசூதன குப்தர் என்னும் ஆயுள்வேத அறிஞர் முன்வந்து பிணத்தை அறுத்துக் காட்டிய செயல் நம் நாட்டு வரலாற்றிற் பெருமையோடு பேசப்படுகின்றது. இன்று தம் உடலை மருத்துவக் கல்லூரிக்கு ஈந்து செல்லும் பெருந்தகையோர் அவ்வழியைச் செப்பனிடுபவராவர்.

இக்கலையைப் பயில்வார் முதற்கண் அறியவேண்டுவது ஒரு நிலை. ஒகேனக்கற் பாறையில் ஒருவர் குப்புறக் கிடக்கிறார் எனக் கொள்வோம். அவருக்கு மேற்புறம் எது? வானை நோக்கிய முதுகா, தலையா? அவரே மல்லாந்து திரும்பினால் மேற்புறம் வயிறாகி விடுகின்றது. இங்ஙனம் கிடப்பவர் புரளுந்தோறும் சொற்பொருளும் புரளுமாயின், ஒருவர் சொல்வதை மற்றொருவர் அறிதல் எங்ஙனம்? இதனை நீக்கவே அறிஞர் ஒரு பொதுநிலையை வகுத்தனர். மனிதன் நிமிர்ந்து நின்று, முகம் முன்னோக்கி, அடிகள் முன்னோக்கி, கைகள் பக்கங்களில் தொங்க, உள்ளங்கைகள் முன்னோக்கியிருக்கும் நிலையே அது. உடல் உண்மையில் எவ்வாறு கிடப்பினும், இந்நிலையில் நிற்பதாகவே கருதிப் பெயர் சொல்லவேண்டும். உள்ளங்கை முன்னோக்குதற்கும் காரணம் உண்டு. அந்நிலையில் முன்கையின் ஈரெலும்புகளும் இணையாக நிற்கும். உள்ளங்கையைப் பின்னே திருப்பினால், கட்டைவிரற் பக்கத்தெலும்பு சுண்டுவிரற் பக்கத்தெலும்பின்மேற் குறுக்கே கிடக்கும். அவ்வீரெலும்புகளுக்கும் இடையே ஒரு சவ்வு உண்டு. முன்பு கூறிய எலும்பு நோயில் இச்சவ்வும் சுண்ணமேறி ஊடுகதிர்ப் படத்தில் தெரிவதால், மருத்துவர் முன்கையைப் படமெடுத்து நோயை உறுதி செய்வதுண்டு.

பொதுநிலை தெளிந்தபின் திசைச்சொற்கள் எளிதில் அமையும். தலையை நோக்கியது மேல். அடியை நோக்கியது கீழ். வயிற்றுப்புறம் முன், முதுகுப்புறம் பின். உடலை வலம் இடமாகப் பகுக்கும் நடுக்கோட்டை நெருங்கியது உள். அதனின் விலகியது வெளி. கைகால்களில் உடலோடு பொருந்துமிடத்துக்கு அருகிலுள்ளது அண்மை; தொலைவிலுள்ளது சேய்மை. மணிக்கட்டை நோக்க முழங்கை அண்மையது, விரல்நுனி சேய்மையது. தோலை ஒட்டியது மேலோடியது. எலும்பை நோக்கியது ஆழ்ந்தது. உடலை வெட்டிக் காண்பதற்கும் தளம் மூன்று: வலம் இடமாகப் பிரிப்பது நெடுக்குத் தளம், முன் பின்னாகப் பிரிப்பது முகத்தளம், மேல் கீழாகப் பிரிப்பது குறுக்குத் தளம். இவ்வளவே அரிச்சுவடி. அண்மை, சேய்மை, உள், வெளி என்னும் சொற்களுள் எது நம் மாணவர்க்குப் புதிது? இலக்கண வகுப்பிற் கேட்ட சொற்களே ஈண்டு உடலின்மேற் பொருந்துகின்றன.

நிற்க. எல்லாச் சொல்லும் இத்துணை எளிதில் அமைவதில்லை. நம் மக்கள் வழக்கில் மிக்க இடர் விளைக்கும் ஒரு சொல்லைக் காட்டுவோம். அது நரம்பு என்பது. கையில் ஊசி குத்துவார், நரம்பு அகப்படவில்லை என்பார். அவர் தேடுவது குருதியை இதயத்துக்கு மீட்டுச் செல்லும் சிரை. காலிற் புடைத்துச் சுருண்டு தோன்றுவதை நரம்புச் சுருட்டு என்கிறோம், அதுவும் சிரையே. குதிகாலுக்குமேல் விண்ணென்று நிற்பதை நரம்பு இழுத்துக்கொண்டது என்கிறோம். அது தசையை எலும்போடு கட்டும் தசைநாண். கை மரத்துப்போனால் நரம்பு செத்துவிட்டது என்கிறோம். ஈண்டு மட்டுமே உண்மையான நரம்பு, மூளையினின்றும் தண்டுவடத்தினின்றும் செய்தி செல்லும் இழை, குறிக்கப்படுகின்றது. மூன்று பொருளுக்கு ஒரு சொல்! இதனால் வரும் கேடு சிறிதன்று. கெண்டைக்காலின் ஆழ்ந்த சிரையிற் குருதி உறைந்து கால் வீங்கி வலித்தால், அதனையும் நரம்புப் பிடிப்பு என்று கருதி அழுத்தித் தேய்ப்பதுண்டு. உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடையின் உயிரே போதலும் கூடும். நரம்பு, சிரை, தசைநாண் என்னும் மூன்று சொற்களின் வேற்றுமை அறிந்த ஊரில் இவ்விடர் குறையும்.

இவ்விடர் நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவிலும் ஒரே உறுப்புக்கு நாடுதோறும் ஆசிரியர்தோறும் வெவ்வேறு பெயர் வழங்கி, ஏறத்தாழ 50,000 பெயர்கள் பெருகின. 1895-ஆம் ஆண்டிற் சுவிட்சர்லாந்து நாட்டுப் பாசல் நகரிற் கூடிய அறிஞர் அவற்றை ஆராய்ந்து, ஓர் உறுப்புக்கு ஒரு பெயர் என்னும் முறையால், பத்தில் ஒரு பங்கு அளவினதாகச் சுருக்கினர். அப்பட்டியல் 1955-இலும் 1998-இலும் திருத்தி அமைக்கப்பட்டது. கற்றறிந்தார்க்கே இத்தகைய ஒழுங்கு வேண்டியிருந்ததாயின், நமக்கு வேண்டாவோ?

தமிழில் இம்முயற்சியை முன்னரே ஒருவர் மேற்கொண்டனர். அவரை நம் மாணவர் மறந்திருத்தல் தகாது. அமெரிக்க நாட்டினின்றும் 1847-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பார், வட்டுக்கோட்டையிலும் மானிப்பாயிலும் இருந்து மருத்துவத் தொண்டு புரிந்தார். மருத்துவ மாணவரையும் பயிற்றினார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர், பின்னர்த் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். ஆங்கிலத்திற் கற்றவர் உத்தியோகம் நாடிப் பிறவூர் செல்வர், தமிழிற் கற்றவர் தம் ஊரில் தம் மக்களிடையே தங்கிப் பணிபுரிவர் என்பது அவர் கருத்து. அவர் பயிற்றியோர் அறுபதின்மருக்கு மேற்பட்டவர். அவருட் பாதிக்கு மேற்பட்டவர் தமிழிற் கற்றவர். கிரே என்பாரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் 1858-இல் இலண்டனில் வெளிவந்தது. அது மனுஷ அங்காதிபாதம் என்னும் பெயரால் 1872-இலேயே தமிழில் அச்சாயிற்று. இரண வைத்தியம், மனுஷ சுகரணம், கெமிஸ்தம் முதலிய பிற நூல்களும் அவரும் அவர்தம் மாணவரும் உழைத்த உழைப்பால் வெளிவந்தன. 1873-இல் தாய்நாடு திரும்பிய அவர் 1884-இல் மறைந்தார்.

தமிழில் மருத்துவம் கற்பித்தல் இயலாது என்பார்க்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே விடை கூறப்பட்டுவிட்டது. ஆயின் வேறொரு வினா எழுகின்றது. அங்காதிபாதம், சுகரணம் என்னும் அச்சொற்கள் இன்று எங்கே? தமிழர் எவர் நாவிலும் அவை இல்லை. தமிழிற் கற்பித்தல் அங்கே தொடர்ந்து நடைபெறாது நின்றமையே அதற்குத் தலையாய காரணம் என்போம். பயிலுவார் இல்லாத சொல் நீரில்லாப் பயிர்போல் வாடும். மக்கள் நாவுக்கு அணுக்கமில்லாத வடமொழித் தொடர்களாக அவை அமைந்தமையும் ஒரு காரணம். அவரைக் குறைகூற நாம் துணியோம். வழியில்லாக் காட்டில் முதலில் நடந்தவர் அவர். அவர் நடந்த வழியிற் பாடம் கற்றல் நம் கடன்.

பின்னாளிற் சென்னை மாகாணத்தில், 1930-களிலும் 1940-களிலும், கலைச்சொற்கள் வடமொழியாக வேண்டுமா, தூய தமிழாக வேண்டுமா, ஆங்கிலமாகவே இருக்கலாமா என்று பெரும்போர் நிகழ்ந்தது. அப்போரின் ஆரவாரத்தில் நோயாளியின் குரல் கேட்கப்பட்டதோ என்பது ஐயமே. நம் கருத்து வருமாறு. மக்கள் வழக்கில் ஏற்ற சொல் இருப்பின் அதனையே கொள்ளல் வேண்டும். கணுக்கால், குதிகால், கெண்டைக்கால், விலா, அக்குள், குடல் என்பனவற்றினும் சிறந்த சொல்லை எவர் ஆக்கவல்லார்? கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்னும் மூன்றையும் நோக்குங்கள். நிறையாலும் நிறத்தாலும் நுரைத்த தோற்றத்தாலும் வேறுபடுத்திப் பெயரிட்டவன் நம் பழந்தமிழன் அல்லனோ? அடுத்து, ஒரு சொல் பல பொருளில் மயங்குமாயின், நரம்பைப்போல, அதனை ஒன்றற்கே வரையறுத்து ஏனையவற்றுக்கு வேறு பெயர் பயிற்றல் வேண்டும். புதுச்சொல் ஆக்குங்கால், கேட்ட அளவிற் பொருள் ஓரளவேனும் விளங்க ஆக்கல் வேண்டும். பழகிவிட்ட பிறமொழிச் சொல்லை வெறுத்தொதுக்குதலும் வேண்டா. தமிழ்நாட்டில் திசு, தமனி, சிரை என்பன இலங்கையில் இழையம், நாடி, நாளம் என வழங்குகின்றன. ஒரே மொழி பேசும் இரு நாட்டாரும் ஒருங்கிருந்து ஒரு பட்டியல் செய்துகொள்ளுதல் இன்று அரிய செயலன்று.

மருத்துவம் ஆங்கிலத்திற் கற்பிக்கப்படுகையில் இச்சொற்கள் எற்றுக்கு என்று சிலர் வினவுவர். மருத்துவர் ஆங்கிலத்திற் கற்பாராக. தருமபுரியிலும் 2008-ஆம் ஆண்டில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. ஆண்டுதோறும் இளைஞர் பலர் அங்கே கற்கின்றனர். ஆனால் அவர் முன் வந்து நிற்கும் பென்னாகரத்துப் பாட்டி தன் நோயை எம்மொழியிற் சொல்லுவாள்? அவள் குறுக்கு வலிக்கிறது என்பாள். நரம்பு இழுக்கிறது என்பாள். அவள் சொல் மருத்துவர்க்கும், மருத்துவர் சொல் அவளுக்கும் விளங்காவிடில், இருவர்க்கும் இடையே ஒரு காவிரி ஓடும். கடத்திவிடப் பரிசல் இராது. அப்பரிசலே நாம் வேண்டும் தமிழ்ச் சொற்றொகுதி.

கைத்தொழிலாளரின் அனுபவ அறிவை ஏட்டறிவு கெடுத்துவிடும் என்று அஞ்சுவாரும் உளர். அஞ்ச வேண்டுவதில்லை. ஏழு கழுத்தெலும்பு, பன்னிரண்டு மார்பெலும்பு, ஐந்து இடுப்பெலும்பு என முதுகின் அமைப்பை அறிந்த விரல், அறியாத விரலினும் திறம் குறைந்ததாகாது. எங்கே அழுத்தலாம், எங்கே அழுத்தலாகாது, எவரைத் தேய்க்காமல் மருத்துவரிடம் அனுப்பவேண்டும் என்பதைக் கூடுதலாக அது அறியும். மோவாயை மார்பிற் படியவைக்க இயலாதவர், முழங்கால் மடக்காமற் குனிந்து கால்விரலைத் தொட இயலாதவர், இரு கைகளையும் பிடரியிற் கோக்க இயலாதவர் ஆகியோரைக் கண்டால், இஃது எலும்பு நோயாகவும் இருக்கலாம் என்று ஐயுற அவர் கற்பாராயின், எண்ணெய்க் கிண்ணம் ஏந்திய அக்கை நாட்டின் நலவாழ்வுக்குக் காவற்கையாகும்.

மாணவ நண்பர்களே, நாம் செய்யத்தக்கது பெரிதன்று. விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் மனித உடலின் படம் ஒன்றை உடன் கொண்டுசெல்லுங்கள். உங்கள் தாயாரையும் பாட்டியாரையும் அருகிருத்தி, வயது வந்தோர்க்கு எலும்பு 206 என்றும், ஈரல்கள் இன்ன இன்ன இடத்தன என்றும், நரம்பு வேறு சிரை வேறு என்றும் காட்டுங்கள். அவர்கள் தம் வழக்கிற் சொல்லும் உறுப்புப் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அகராதியிற் காணாத நற்சொல் பல அவர் வாயிற் பிறக்கும். அவற்றைத் தொகுத்து இவ்விதழின் அடுத்த மலரில் வெளியிடுவோமாயின், பேரறிஞர் கூட்டம் செய்யத்தக்க பணியில் ஒரு சிறு பங்கு நாமும் செய்தவராவோம். கை அறிந்ததை நா அறியட்டும். நா அறிந்ததை நாடு அறியட்டும்.